நந்தா தேவி

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் உள்ள இமயமலைச் சிகரம். உயரம் 7,816 மீட்டர். முழுக்க இந்திய எல்லைக்குள் நிற்கும் சிகரங்களில் இதுவே மிக உயர்ந்தது. கர்வால், குமாவுன் மக்கள் இதைப் பார்வதியின் வடிவமான நந்தா தேவியாகவே வழிபடுகின்றனர்.

இம்மலையில் ஏறுவதற்கு முன், அதன் அடிவாரத்தை அடைவதே பெரும்பாடாக இருந்தது. சுமார் 110 கி.மீ. சுற்றளவுள்ள மலை வளையம் சிகரத்தைச் சூழ்ந்து நிற்கிறது. உள்ளே உருகும் பனியாறுகளின் நீர் மேற்கே ரிஷி கங்கையாக வெளியேறும் ஒரே இடம், செங்குத்தான பாறைகளுக்கு இடையிலான மலையிடுக்கு. 1905இல் பிரிட்டிஷ் மலையேறி லாங்ஸ்டாஃப் வளையத்தின் விளிம்பில் ஏறி உள்ளே பார்த்தார், இறங்க முடியவில்லை. இன்னொரு பிரிட்டிஷ் மலையேறியான ரட்லெட்ஜின் முயற்சிகளும் தோற்றன. 1934இல் மலையேறிகள் எரிக் ஷிப்டன், டில்மன் இருவரும் ஆங்தர்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்களுடன் ரிஷி கங்கை இடுக்கின் வழியாகவே உள்ளே நுழைந்தனர். சிகரத்தை எட்டியவர்களின் புகழில் ஒரு பங்கேனும் இந்த ஐவருக்குச் சேர வேண்டும்.

1936இல் பிரிட்டிஷ்-அமெரிக்கக் குழு வந்தது. உச்சிக்குச் செல்லவிருந்த சார்லஸ் ஹூஸ்டன், கெட்டுப்போன டின் இறைச்சியைத் தின்று நோயுற்றார். அவருக்குப் பதிலாக டில்மன் சென்றார். ஆகஸ்ட் 29 அன்று அவரும் குழுவின் நோயல் ஓடெலும் உச்சியை அடைந்தனர். 1950இல் அன்னபூர்ணா ஏறப்படும்வரை, மனிதர் தொட்ட சிகரங்களில் இதுவே உயர்ந்தது. இம்மலையின் இரண்டாம் உச்சியான கிழக்குச் சிகரத்தை 1939இல் போலந்துக் குழு வென்றது. இரு சிகரங்களையும் முகடு வழியாக இணைத்துக் கடக்க 1951இல் முயன்ற பிரெஞ்சு வீரர்கள் துப்லா, விக்னே இருவரும் திரும்பவில்லை. 1964இல் நவாங் கோம்பு, தாவா நோர்பு ஆகியோரின் மூலம் இந்தியக் குழுவும் முதன்மைச் சிகரத்தை எட்டியது.

அடுத்த ஆண்டு நடந்தது மலையேற்றமே அல்ல. சீனாவின் அணுச் சோதனைகளைக் கண்காணிக்க, புளூட்டோனியத்தால் இயங்கும் கருவியை இந்திய, அமெரிக்க உளவுத் துறைகள் அங்கே நிறுவ முயன்றன. புயலால் பாதியில் விட்டுவந்த அக்கருவி 1966இல் தேடியபோது அங்கில்லை; இன்றுவரை கிடைக்கவும் இல்லை. கங்கையில் கலக்கும் நீரின் ஊற்றுக்கண்ணில் நடந்த இச்செயல் மன்னிக்கத்தக்கதல்ல.

ஏறுவோர் பெருகியதால் காடுகள் விறகாயின, குப்பை குவிந்தது. 1982இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, பின்னர் மலையேற்றத்துக்கு மூடப்பட்டது. 1988இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தாவரங்களும் வனவிலங்குகளும் மீளத் தொடங்கின. ஆனால், லாதா போன்ற ஊர்களின் போட்டியா மக்கள் தலைமுறைகளாக ஆடு மேய்த்த புல்வெளிகளையும், சுமை தூக்கியும் வழிகாட்டியும் பெற்ற வருமானத்தையும் இழந்தனர்.