நஞ்சுக்கொடியும் தாயின் உயிரும்

குழந்தை பிறந்த செய்தி கேட்டதும், "நஞ்சு விழுந்துவிட்டதா?" என்று வினவுவது நம் புதுக்கோட்டைச் சீமை மூதாட்டியர் வழக்கம். பல தலைமுறைகள் கண்ட அச்சம் அவ்வினாவில் அடங்கியிருக்கிறது. தாயின் குருதியிலிருந்து உணவையும் உயிர்வளியையும் சேய்க்கு ஈயும் உறுப்பே நஞ்சுக்கொடி. பெயர் நஞ்சாயினும் அதன் செயல் அமுதே. ஆயினும், அஃது இடம் மாறி அமைந்தால் தாயின் உயிருக்கே இடர் விளையும்.

இயல்பாக அது கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டி வளரும். சிலருக்குக் கருப்பையின் வாயை மறைத்துக் கீழே அமைந்துவிடுகிறது. மேலிருந்த கொடி நழுவிக் கீழே விழுந்ததென்றே முற்கால மருத்துவர் கருதினர். அங்கேயே அது ஒட்டி வளர்வதும் உண்டென்று பிரெஞ்சு மருத்துவர் பால் போர்ட்டல் 1685இல் எழுதினார்.

1775இல் இங்கிலாந்தின் நாரிச் நகர மருத்துவர் எட்வர்டு ரிக்பி, பேற்றுக்கு முந்திய குருதிப்போக்கை இரு வகையாகப் பிரித்தார். உரிய இடத்திலுள்ள கொடி காலத்திற்கு முன்னரே பிரிவதால் வருவது ஒன்று. வாயை மறைத்த கொடியால் வருவது மற்றொன்று. வாய் திறக்குந்தோறும் கொடி பிரியுமாதலால், பின்னதைத் தவிர்க்கவியலாதது என்றார். முன்னது பெரும்பாலும் வலியோடு வரும். பின்னது பெரும்பாலும் வலியின்றி வரும். "வலியில்லையே, பொறுத்துப் பார்ப்போம்" என்னும் எண்ணமே இங்குப் பெரும்பகை.

அறிவு பிறந்தும் அது பேற்றறைக்குள் எளிதில் நுழையவில்லை. ஆண் மருத்துவரிடம் காட்ட நாணிய பெண்டிர் பலர். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, மன்னர் கல்லூரியில் பயின்று, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி போன்ற பெண் மருத்துவர்களே அத்தடையைத் தளர்த்தினர். தமிழக அரசின் மகப்பேறு உதவித் திட்டம் இன்று அவர் பெயரைத் தாங்குவது பொருத்தமே.

1958இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டு குழுவினர், வயிற்றினுள் இருப்பதை ஒலியலையால் படமாக்கும் முறையை வெளியிட்டனர். கொடியின் இருப்பிடத்தைக் கண்ணால் காண அதனால் வழி பிறந்தது. தொடக்க மாதங்களில் கீழே தெரியும் கொடி, கருப்பை வளர வளரப் பெரும்பாலோர்க்கு மேலேறிவிடும். ஆகவே அஞ்சவும் வேண்டா, மறக்கவும் வேண்டா. மருத்துவர் குறித்த நாளில் மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தல் வேண்டும். குருதி சிறிதே கசிந்தாலும், வலியில்லை என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

மாட்டுவண்டிக்குக் காத்திருந்த காலம் போயிற்று. மணமேல்குடியிலும் ஆவுடையார்கோயிலிலும் இன்று 108 ஊர்தியை அழைக்கலாம். நேயர்களே! பேற்றுக்குப்பின் கேட்ட மூதாட்டியின் வினாவைப் பேற்றுக்கு முன்பே நாம் கேட்போம்: "நஞ்சு எங்கே இருக்கிறது?"