ரெண்டு பேரும் சேர்ந்து மறைத்த யுத்தம்

ரெண்டு அமைச்சர்கள் முகம் கொடுத்துப் பேசிக்கலைன்னா பத்திரிகையில் 'பனிப்போர்'னு தலைப்பு. ரெண்டு நடிகைகளுக்குள் ஆகலைன்னாலும் பனிப்போர்தான். போகட்டும், வார்த்தை நல்லாத்தான் இருக்கு, யார் வேணா எடுத்துக்கட்டும். ஆனா நாடுகளைப் பற்றிப் பேசும்போதும் அதே அர்த்தத்தில், அதாவது 'சண்டை போடாம முறைச்சுக்கிட்டு நிக்கறது'ன்னு புரிஞ்சுக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. (சியாச்சினில் 1984-லிருந்து நிஜமான பனியில் ரெண்டு ராணுவம் எதிரெதிரே நிக்குது. அதுக்குப் பேர் பனிப்போர் இல்லை. தமிழோட குறும்பு!)

இந்தப் பெயரை அணு யுகத்துக்குப் பொருத்தி எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். 1945 அக்டோபரில், நாகசாகியில் குண்டு விழுந்து ரெண்டரை மாசம்கூட ஆகாத நேரம். அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகளை யாரும் ஜெயிக்க முடியாது, அவை ஒன்றோடொன்று நேராக மோதவும் துணியாது, அண்டை நாடுகளோடு நிரந்தரமா ஒரு பகையிலேயே இருக்கும் என்பது அவர் கணிப்பு. 1947-ல் பெர்னார்ட் பரூக் என்ற அமெரிக்கப் பெரியவர் ஒரு மேடையில் இதே சொல்லைப் பயன்படுத்த, அதே வருஷம் வால்டர் லிப்மன் அதையே தலைப்பாக வைத்துப் புத்தகம் போட, சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

என்னைக் கேட்டால் ஆர்வெல் சொன்னது பாதிதான். ஜெயிக்க முடியாது என்ற பயம் மட்டும் இருந்தால் போதாது. சண்டை நடக்கும்போது கூட, அது நடக்கவே இல்லை என்று ரெண்டு தரப்பும் சேர்ந்து பாசாங்கு செய்யணும். இதுக்கு நல்ல சாட்சி கொரியப் போர்.

1950 ஜூனில் வட கொரியா தெற்கே இறங்கியது. அமெரிக்கா வந்தது, அந்த வருஷக் கடைசியில் சீனாவும் வந்தது. சோவியத் யூனியன்? அவங்க போரிலேயே இல்லை. அதாவது காகிதத்தில் இல்லை. 1950 நவம்பரிலிருந்து சோவியத் விமானிகள் மிக்-15 போர் விமானங்களில் ஏறி, யாலு நதிக்கு மேலே அமெரிக்க விமானங்களோடு தினம் தினம் மோதிக்கொண்டிருந்தார்கள். விமானத்தில் சீன, வட கொரிய அடையாளங்கள். கடலுக்கு மேலே பறக்கக் கூடாது, போர்முனைக்குத் தெற்கே போகக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. ஒருத்தர் உயிரோடு பிடிபட்டாலும் குட்டு உடைஞ்சிடுமே!

வேடிக்கை என்னன்னா, ரேடியோவில் கொரிய மொழியில்தான் பேசணும்னு அவங்களுக்குச் சில சொற்களைக் கற்றுக் கொடுத்திருந்தாங்க. வால் பக்கம் ஒருத்தன் சுட்டுக்கிட்டே வரும்போது யாருக்குங்க கொரிய மொழி ஞாபகம் வரும்? தாய்மொழியில்தான் கத்துவான். அந்த ரஷ்யக் கத்தலை அமெரிக்கர்கள் ரேடியோவில் கேட்டார்கள். எதிரே பறப்பது யார் என்று அமெரிக்க அரசுக்குத் தெரியும். தெரிஞ்சும் வெளியே சொல்லவில்லை.

ஏன் சொல்லலை? சொன்னால் அடுத்த நாளே, நம்ம பசங்களை ரஷ்யாக்காரன் கொல்றான், நீங்க என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்கன்னு மக்கள் கேப்பாங்க. அதுக்கு ஒரே பதில்தான் இருந்தது. 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியனும் அணுகுண்டு வெடித்துப் பார்த்துவிட்ட பிறகு, அந்தப் பதிலை வாஷிங்டனில் யாரும் விரும்பவில்லை. ஆக மாஸ்கோ சொன்ன பொய்யை வாஷிங்டன் காப்பாற்றியது. பதிலுக்கு ஆற்றின் அந்தப் பக்கம் சீன மண்ணில் இருந்த விமான தளங்களை அமெரிக்கா குண்டு போட்டு அழிக்கவில்லை. சில விமானிகள் துரத்திக்கொண்டே நதியைத் தாண்டியது உண்டு, மேலே இருந்தவர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். ஒப்பந்தம் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆனா விதி என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

பெர்லினிலும் இப்படித்தான். 1961 அக்டோபரில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் தெருவுக்கு நடுவே சுமார் 16 மணி நேரம் குழாயை நீட்டிக்கொண்டு நின்றன. கென்னடி தரப்பு ரகசியமாக ஆள் விட்டுப் பேச, முதலில் ஒரு சோவியத் டாங்கி கொஞ்சம் பின்னே போனது, அப்புறம் ஓர் அமெரிக்க டாங்கி. பக்கத்து வீட்டு வரப்புத் தகராறு மாதிரி ஒவ்வொரு அடியா :-)

சரி, இதை நம்ம பக்கம் வைத்துப் பார்ப்போம். 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு சோதனை நடத்தின. அடுத்த வருஷமே கார்கில். மலையில் இருப்பது எங்க ராணுவம் இல்லை, முஜாஹிதீன்கள் என்றது பாகிஸ்தான். அதாவது மாஸ்கோ சொன்ன அதே மாதிரிப் பொய். ஆனால் இந்தியா அதைக் காப்பாற்றவில்லை. பெய்ஜிங்கில் இருந்த முஷாரஃப் தன் தளபதியோடு போனில் பேசிய ஒலிநாடாவை 1999 ஜூனில் ஊரறிய வெளியிட்டது. அதே சமயம், விமானங்கள் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியை இந்தியா விடவில்லை. பயம் இருந்தது, வரம்பு இருந்தது, கூட்டுப் பாசாங்கு மட்டும் இல்லை. அதனாலதான் இதைப் பனிப்போர்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. இது அளவு வைத்து நடத்திய சுடுபோர்.

கூட்டுப் பாசாங்குன்னு சொல்லும்போது ஏதோ புத்திசாலித்தனமான சமாதான ஏற்பாடு மாதிரி தோணலாம். பெரியவங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான். கொரியாக்காரனைக் கேளுங்க. மூணு வருஷத்தில் அமெரிக்க விமானங்கள் அங்கே கொட்டிய குண்டு 6 லட்சம் டன்னுக்கு மேல். ரெண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதி முழுக்கப் போட்டதைவிட அதிகம். வட கொரிய நகரங்களில் பல தரைமட்டம். ரெண்டு வல்லரசுகளும் ஒருத்தர் வீட்டுக் கதவை ஒருத்தர் தட்டாமல் இருக்க, நடுவில் இருந்தவன் வீடு எரிந்தது.

அந்த சோவியத் விமானிகளிலும் நூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. சோவியத் யூனியனோட கடைசிக் காலம் வரைக்கும் அவங்க அங்கே சண்டை போட்டதையே வெளிப்படையா ஒப்புக்கொள்ளவில்லை. உடல்களில் பலவற்றை ஊருக்குக்கூடக் கொண்டு போகவில்லை. சீனாவில், லூஷுன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சோவியத் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அந்தக் கல்லறைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.