இசைச் சிகிச்சை

உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் ஒலியையும் இசையையும் துணையாகக் கொள்ளும் முறை இசைச் சிகிச்சை. தமிழ்நாட்டில் இதை ஆய்வுப் பொருளாக்க முனைந்தவர்களுள் ஒருவர், காரைக்குடியை அடுத்த குன்றக்குடியில் பிறந்த வயலின் கலைஞர் குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008).

இசை நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை அவருக்கு மிக முந்தியது. சீடர் தம்பியப்பனின் வயிற்றுவலி தீர, முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) அடாணா ராகத்தில் வியாழன் மீது கீர்த்தனை பாடினார் என்று கர்நாடக இசையுலகில் செவிவழிச் செய்தி உண்டு. இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்ற எண்ணம் இத்தகைய கதைகளால் வலுப்பெற்றது.

குன்றக்குடி அடங்கிய செட்டிநாடு இசைக்குப் பேர்போன மண். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் (1890–1967) வீணையில் புகழ்பெற்ற காரைக்குடி சகோதரர்களும் ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டவர்கள். அந்த வரிசையில் வந்த வைத்தியநாதன் சென்னையில் ராக ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். இசைக் கலைஞர்களோடு மருத்துவர்களையும் மனநல நிபுணர்களையும் சேர்த்து, ராகங்களின் மருத்துவப் பயனைச் சோதிப்பது அதன் நோக்கம். அமெரிக்காவில் 1944இலேயே மிச்சிகன் மாநிலக் கல்லூரி இசைச் சிகிச்சைக்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கியிருந்தது.

பின்வந்த ஆய்வுகள் ராகத்தின் பெயரைவிட வேகத்தையும் மூச்சையுமே சுட்டின. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 2001இல் 23 பேரை யோக மந்திரமும் லத்தீன் ஜெபமாலையும் சொல்ல வைத்தது. இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. அதே குழு 2006இல் இந்திய ராகம் உட்பட ஆறு வகை இசையை 24 பேருக்கு ஒலிக்கவிட்டது. தாளம் விரைந்தபோது நாடித்துடிப்பும் மூச்சும் கூடின. இடையில் இசையை நிறுத்தியபோதோ அவை தொடக்க நிலைக்கும் கீழே இறங்கின.

மருத்துவமனைச் சான்று இன்னும் உறுதியானது. 2015இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு 73 சோதனைகளை அலசி, அறுவைச் சிகிச்சையையொட்டி இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் வலிநிவாரணித் தேவையும் குறைந்ததாகக் கண்டது.

உலோகக் கிண்ணங்களைத் தட்டி எழுப்பும், இப்போது பரவிவரும் திபெத்தியக் கிண்ண ஒலிக்கு அத்தகைய சான்று பலம் இல்லை. 2016இல் வெளியான ஆய்வில் 62 பேரின் இறுக்கமும் சோர்வும் தணிந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் கிண்ண ஒலி கேளாத குழு எதுவும் அதில் இல்லை. நோயையே இசை குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடைக்காததால், மருந்தோடு சேர்த்துத் தரும் துணைச் சிகிச்சையாகவே மருத்துவமனைகள் இசையைக் கையாள்கின்றன.