மருத்துவச்சியின் சொல்லும் தாயின் உணவுக் கலமும்

யாத்திராகமத்தின் முதல் அதிகாரம் பார்வோனின் இயற்பெயரைக் கூறவில்லை; ஆனால் சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சிகளின் பெயர்களை நமக்குக் காத்துத் தந்துள்ளது. திருமறை இவ்வாறு கனப்படுத்திய தொழிலை நாம் கனப்படுத்தினோமா? கர்ப்பிணிகளின் உணவைப் பற்றிய வரலாற்றினின்று இவ்வினாவுக்கு விடை தேடுவோம்.

இன்று தொழில் நகரங்களாக விளங்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகள் முன்னர் ஏரிப் பாசனச் சிற்றூர்களாக இருந்தன. தமிழகத்துச் சிற்றூர்களில் பிள்ளைப்பேறு பார்த்தோர் பெரும்பாலும் நாவிதர் குலத்து மாதரும் ஒடுக்கப்பட்ட மாதருமே. ஊர் அவர்களைத் தாழ்வாக எண்ணியபோதிலும், கர்ப்பிணி எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும் என்பதில் அவர்கள் சொல்லுக்குச் செவிசாய்த்தது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்லவை; பப்பாளி ஆகாது; கடைசி மாதங்களில் உணவைக் குறைக்க வேண்டும், இல்லையேல் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும் என்பன அக்காலக் கருத்துகள். இறுதியிற் கூறியது தவறான அறிவுரையே. ஆயினும், அறுவை மருத்துவம் எட்டாத ஊரில், பிள்ளை வெளிவராது தாய் மடிவதைக் கண்டவர்களின் அச்சம் அது என்பதை மறத்தலாகாது.

சென்னையில் 1844இல் அரசினர் பிரசவ மருத்துவமனை தொடங்கிற்று. 1854இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப்பள்ளி ஏற்பட்டது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய வழிவகுத்தது. மிஷனெரி மருத்துவர்கள் தங்கள் அறிக்கைகளில் நாட்டு மருத்துவச்சியை அறியாமையின் உருவாகவே பெரும்பாலும் தீட்டினர். தூய்மையின்மையால் தாய்மார் இறந்தது உண்மை. அக்கண்டனத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அத்தாயின் உணவுக் கலத்தில் என்ன இருந்தது எனக் கேட்டோர் சிலரே.

அவ்வாறு கேட்டவர்களுள் ஒருவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். 1928இல் பம்பாய்க்கு வந்த அவர், கர்ப்பிணிகளைத் தாக்கிய கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், 1931ஆம் ஆண்டளவில் சென்னை கோஷா மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். ஏழைப் பெண்களின் உணவைக் கூர்ந்து நோக்கி, குறை அங்கேதான் உள்ளது எனக் கருதினார். மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினர். 1931இல் இதனை அவர் வெளியிட்டார். அச்சாற்றில் அடங்கிய பொருளே, 1941இல் கீரை இலைகளினின்று பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. மருத்துவச்சி புகழ்ந்த முருங்கைக்கீரையிலும் அச்சத்து உண்டு.

1970இல் நடுவணரசு கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரைகளை 100 நாட்களுக்கு வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. எனினும் மாத்திரை கையிற் கிடைத்தும் உட்கொள்ளாதோர் பலர். குமட்டலும், பிள்ளை பெருத்துவிடும் என்ற பழைய அச்சமும் தடுத்தன. அறிவுரை மெய்யாயினும், நம்பத்தக்க வாயினின்று வராவிடில் அது வீட்டினுள் நுழைவதில்லை. மருத்துவச்சி விட்ட இடத்தைக் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக நடந்தே நிரப்ப வேண்டியிருந்தது. பூந்தமல்லியிலுள்ள பொதுச் சுகாதார நிறுவனம் இத்தகைய ஊழியர்களைப் பயிற்றுவித்து வந்துள்ளது.

சொல் மட்டும் போதாது என்பதையும் தமிழகம் கற்றது. 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அறிவுரையோடு உணவையும் இணைத்தது. 1987இல் மகப்பேறு நிதியுதவி தொடங்கியது. 2018இல் அது ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசித்தவளுக்கு உணவின்றி உபதேசம் மட்டும் அளிப்பதை யாக்கோபின் நிருபம் முன்னரே கடிந்துரைத்துள்ளதன்றோ?

இன்று பிரசவங்கள் ஏறக்குறைய அனைத்தும் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. தாய்மார் சாவு பெரிதும் குறைந்தது. இதற்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்துகிறோம். ஆயினும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை நாடி வெளிமாநிலங்களிலிருந்து வந்து ஒற்றை அறையில் வாழும் இளந்தாய்க்கு அருகில் அமர்ந்து, "இன்று என்ன சாப்பிட்டாய், மகளே?" என்று கேட்க யாருளர்? அக்கேள்வியைத் தலைமுறைகளாகக் கேட்டவள் மருத்துவச்சி. அவளை இகழ்ந்ததற்கு நாம் மனம் வருந்துவது மெய்யானால், அவள் அமர்ந்த இடத்தில் நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சென்று அமரட்டும், வெறுங்கையோடன்று, உணவோடு.