தரிசில் ஆடும் ஆட்டம்: காவிரிக் கடைமடையும் கிரிக்கெட்டின் வருங்காலமும்

1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்க்க, சென்னை அணி மைசூரை ஒரே நாளில் வென்றது. பாசன வரலாறு எழுதுபவர் முதல் நிகழ்வைக் குறிப்பார், விளையாட்டு வரலாறு எழுதுபவர் இரண்டாவதை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும் ஊர் முத்துப்பேட்டை. அங்கே கிரிக்கெட் எந்த மாதம் தொடங்கும், எந்த மாதம் முடியும் என்பது மேட்டூர் மதகைப் பொறுத்தது.

கோரையாறும் பாமணியாறும் அலையாத்திக் காட்டுக்குள் கலக்கும் கடைமடை அது. தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுவடையாகும். அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்திருந்தால் அந்த வயலில் யாரும் கால் வைக்கக் கூடாது. தெளிக்காத வயலிலும், செடி பிடுங்கி முடிந்த வயலிலும்தான் ஆட்டம். ஆட்டுக்கிடை போட்டிருந்தால் கீதாரி கிளம்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். அறுவடை இயந்திரத்தின் தடம் காய்ந்து இறுகிக் கிடக்கும். பையன்கள் அதை மண்வெட்டியால் செதுக்கி, தாளைத் தட்டி, குடம் குடமாகத் தண்ணீர் தெளித்து, இருபத்திரண்டு கெஜம் நீளத்துக்கு மட்டும் தரையைச் சமப்படுத்துவார்கள். வரப்புதான் எல்லைக்கோடு. வாய்க்காலில் விழுந்த பந்துக்கு எத்தனை ஓட்டம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துக்கொள்வார்கள்.

தமிழில் 'களம்' என்ற ஒரே சொல் நெல்லடிக்கும் இடத்துக்கும் போரிடும் இடத்துக்கும் ஆடும் இடத்துக்கும் வழங்குகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத் திணையில் உழவரின் களத்தையும் தேர் வீரரின் களத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. கடைமடையில் இந்தச் சொல்லொற்றுமை அணிநயத்தோடு நின்றுவிடுவதில்லை. நெல் அறுத்த அதே மண்ணில்தான் ஸ்டம்பு நடுகிறார்கள்.

நவீன கிரிக்கெட்டைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகிறது. சந்தை ஆட்டத்தைச் சுருக்கிவிட்டது, ஐந்து நாள் ஆட்டத்தை இருபது ஓவர் விழுங்கிவிட்டது என்கிறார்கள். சேப்பாக்கத்திலிருந்தோ லார்ட்ஸிலிருந்தோ பார்த்தால் அது சரியாகத் தோன்றலாம். டெல்டா வயலில் ஆட்டம் எந்நாளும் நீளமாக இருந்ததில்லை. 2003இல் இங்கிலாந்தின் கவுண்டி அணிகள் இருபது ஓவர் ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே நம் ஊர்களில் எட்டு ஓவர், பத்து ஓவர் ஆட்டங்கள் வழக்கத்தில் இருந்தன. மாலை வெயில் தணிந்து பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும். ஒரு பந்துக்குத்தான் காசு சேரும். நிலத்துக்காரர் எப்போது வந்து எழுப்புவாரோ தெரியாது. ஆகவே குறுகிய ஆட்டம் சந்தையின் கண்டுபிடிப்பு என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. நிலமும் பொழுதும் பெற்ற வடிவத்தைச் சந்தை பிற்பாடு விலைக்கு விற்றது என்பதே என் வாதம். இந்த வரிசையைச் சரியாகப் புரிந்துகொண்டால் வருங்காலம் பற்றிய கேள்வியும் மாறும். டெஸ்ட் பிழைக்குமா என்று கேட்பதற்கு முன்னால், ஆடுவதற்கு மண் கிடைக்குமா என்று கேட்டாக வேண்டும்.

ஐபிஎல் நடக்கும் மாதங்களைக் கவனியுங்கள். மார்ச் கடைசியிலிருந்து மே முடியும்வரை. டெல்டாவின் தரிசுக் காலமும் ஏறக்குறைய அதுவே. உலக நாடுகளின் வாரியங்கள் தங்கள் சுற்றுப்பயணங்களை இந்த இரண்டு மாதத்துக்காக ஒதுக்கி வளைக்கின்றன. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. 410 ஆட்டங்களுக்குப் பகிர்ந்தால் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. வயலில் ஆடிவிட்டுக் காலில் மண்ணோடு வீடு திரும்பும் பையன் அன்றிரவு அதே ஆட்டத்தைத்தான் பார்க்கிறான். அவன் கண்ணால் அந்தப் பணத்தை ஈட்டித் தருகிறான். அதில் ஒரு பிடி மண் கூட அவன் வயலுக்குத் திரும்பவில்லை.

வழி இல்லையா என்று கேட்பவர்கள் நடராஜனைக் காட்டுவார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்தில் யார்க்கர் வீசிப் பழகி, 2017 ஏலத்தில் பஞ்சாப் அணிக்கு மூன்று கோடிக்குப் போய், 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியத் தொப்பி அணிந்தவர். பெருமைப்பட வேண்டிய வாழ்க்கை அது. ஆனால் அதை வழி என்று சொல்வது, வெள்ளத்தில் நீந்திக் கரையேறியவரைக் காட்டிப் பாலம் வேண்டாம் என்பதைப் போன்றது. டென்னிஸ் பந்துக்குத் தையல் மேடு கிடையாது, எடையும் குறைவு. அதில் தேர்ந்த கை தோல் பந்துக்கு மாற ஆடுதளம், வலை, பயிற்சியாளர், பந்துச் செலவு எல்லாம் வேண்டும். அவை சென்னை லீக்கைச் சுற்றியே திரண்டிருக்கின்றன. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது மதுரை, திண்டுக்கல், காரைக்குடி, தூத்துக்குடி என்று ஊர்ப் பெயர்கள் வந்தன. திருச்சிக்குக் கிழக்கே, கடல்வரை நீளும் நெல் நாட்டின் பெயரில் ஓர் அணியும் இல்லை.

டென்னிஸ் பந்தையும் இப்போது சந்தை கண்டுகொண்டது. 2024இல் தொடங்கிய இந்தியன் ஸ்ட்ரீட் பிரீமியர் லீக் பத்து ஓவர் ஆட்டத்தை அரங்குக்குள் கொண்டுபோய் வைத்தது. அதில் நம் பையன்கள் சிலர் இடம் பிடித்தால் மகிழ்வேன். ஆனால் அது ஆட்டக்காரனை எடுத்துக்கொள்ளுமே தவிர, அவன் ஆடிய இடத்துக்கு எதுவும் செய்யாது.

கணக்கைப் பார்ப்போம். அறுபத்தைந்து மீட்டர் எல்லையுள்ள மைதானத்துக்கு ஏறத்தாழ மூன்றேகால் ஏக்கர் வேண்டும். டெல்டா அளவில் சொன்னால் பத்து மா, அரை வேலி. ஒரு சிறு விவசாயக் குடும்பத்தின் மொத்த நிலமும் பெரும்பாலும் அவ்வளவுகூட இராது. நஞ்சையை எடுத்து மைதானம் ஆக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. 2020இல் இப்பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனதை வரவேற்பவன் நான். ஆகவே பார்க்க வேண்டிய இடம் அரசுப் பள்ளி வளாகம். 2024இல் தமிழக அரசு 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கத் தொடங்கியது. மட்டை வந்து சேர்ந்தது நல்லது. அதை வீசுவதற்கு நிலையான ஓர் ஆடுதளம், வட்டாரத்துக்கு ஒன்றாவது, பள்ளி வளாகத்தில் வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். மதுரையின் கமலினி பதினாறு வயதில் 2024 மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை அணிக்கு 1.6 கோடிக்குத் தேர்வானார். தரிசு வயலில் மட்டையோடு நிற்கும் பெண்ணை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஊரின் கண் படும் திறந்த வெளியில், ஆண்கள் பேசி வாங்கிய இடத்தில், அவளுக்கு இடம் கேட்க ஆளில்லை. பள்ளி வளாகத்தில் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

மண்ணைப் பொறுத்தவரை டெல்டாவுக்குக் குறையில்லை. நல்ல ஆடுதளத்துக்கு வேண்டியது களி மிகுந்த மண். நனைத்து உருட்டினால் கல்லாக இறுகும், நாள் ஆக ஆக வெடிக்கும், சுழல் பந்துக்கு இடம் கொடுக்கும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் தாளடி வயலைப் பார்க்கிற எவரும் ஐந்தாம் நாள் சேப்பாக்கத்தை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த வெடிப்பில் பட்டுத் திரும்பும் பந்தை ஆடிப் பழகிய கண்ணும் காலும் இங்கே உண்டு. தோல் பந்துதான் இன்னும் அந்த மண்ணில் விழவில்லை.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. 2024இலும் ஜூலை கடைசிவரை தள்ளிப்போனது. அந்த ஆண்டுகளில் குறுவை பொய்த்தது, வயலில் ஆட்டம் மட்டும் நீண்டது. கூடுதலாகக் கிடைத்த அந்த வாரங்களை எந்த விவசாயி வீட்டுப் பையனும் கொண்டாடியதாக நான் கேட்டதில்லை. நல்ல ஆண்டில் தண்ணீர் கல்லணை தாண்டிக் கிளை வாய்க்கால்களில் இறங்கி, எல்லா ஊரும் எடுத்தது போக மிஞ்சியது முத்துப்பேட்டைக்கு வரும். அன்று வாய்க்காலோரம் நின்று பார்ப்பவர்களில் முந்தின மாலை அதே வயலில் பந்து வீசியவனும் இருப்பான். ஸ்டம்பைப் பிடுங்கி வீட்டுத் திண்ணையில் சாய்த்துவிட்டு அப்பாவோடு வரப்பு வெட்டப் போவான்.