சான்சியன் தீவின் குளிர்

2024 டிசம்பரில் கரிசல் காட்டு வேலையைப் போட்டுவிட்டு கோவில்பட்டியிலிருந்து நம்மில் சிலர் கோவாவுக்குச் சென்றோம். புனித சவேரியாரின் உடல் பத்தாண்டுக்கு ஒருமுறை பொது வணக்கத்துக்கு வைக்கப்படும்; இம்முறை நவம்பர் 21 முதல் ஜனவரி 5 வரை. விடியற்பனியில், காதோடு துண்டைக் கட்டிக்கொண்டு, நகராத வரிசையில் நின்றோம். முணுமுணுக்கவும் செய்தோம்.

1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழிலேயே செபம் கற்பித்தவர் அவர். 1552 டிசம்பர் 3இல் சீனக் கரைக்கு எதிரே சான்சியன் தீவில் இறந்தார். அழைத்துப் போகவேண்டிய படகு வரவேயில்லை. காய்ச்சல், கூதல், ஓலைக் குடிசை. அருகில் அந்தோணி என்ற சீனர் மட்டும். அடக்கத்துக்கு வந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

அந்த உடலைக் காணத்தான் இத்தனை கூட்டம். பேழை முன் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நொடி. பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள், நகர்ந்தோம்.