வேலூர் தந்த வைத்தியர்: ககன்தீப் காங்

வேலூர் என்றதும் நம் கரையோர ஊர்களில் மூத்தவர்களுக்கு நினைவு வருவது பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரிதான். அங்கே ஓதி, பெயருக்குப் பின்னால் ‘பாகவி’ என்ற பட்டத்தோடு திரும்பிய ஆலிம்களை நாம் அறிவோம். அதே ஊரில் இருக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கதை, பெண்கள் பாடசாலையில் படித்த நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரே இரவில் ஒரு முஸ்லிமும் இரண்டு இந்துக்களும் தத்தம் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் வைத்தியரை உள்ளே விட மூவருமே சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அதைக் கண்ட இளம்பெண் ஐடா ஸ்கடர், தானே வைத்தியராகித் திரும்பி வந்து, 1918இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பாடசாலையைத் தொடங்கினார். 1947 வரை அங்கு ஆண்களுக்கு இடமில்லை.

அந்தக் கல்லூரியில் 1987இல் எம்.பி.பி.எஸ். முடித்தவர் ககன்தீப் காங். 1962இல் சிம்லாவில் பிறந்தவர். தந்தை ரயில்வே பொறியியலாளர், தாய் ஆசிரியை. தந்தையின் இடமாற்றங்களால் பத்துத் தடவை பாடசாலை மாறினாராம். (ஒரே பாடசாலையில் முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை இருந்த நம்மில் பலருக்கு இதைக் கற்பனை செய்வதே கஷ்டம்.) பன்னிரண்டு வயதில், தந்தையின் உதவியோடு வீட்டிலேயே ஓர் ஆய்வுகூடம் அமைத்தார். நுண்ணுயிரியலில் 1991இல் எம்.டி., 1998இல் கலாநிதிப் பட்டம், பிறகு அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆராய்ச்சி. அதன்பின் வேலூருக்கே திரும்பினார்.

அவர் எடுத்துக்கொண்ட நோய் குழந்தைகளின் வயிற்றோட்டம். கண் குழிந்து, நாக்கு வரண்டு, அழுதாலும் கண்ணீர் வராத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவரும் உம்மாவை, குழந்தைகள் வாட்டில் வேலை செய்த எல்லோரும் கண்டிருப்போம். கடும் வயிற்றோட்டத்துக்கு முக்கிய காரணமான ரோட்டா வைரஸை 1973இல் மெல்பேர்னில் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு பெண்தான், ரூத் பிஷப். இந்த வைரஸ் பணக்கார வீட்டுப் பிள்ளையையும் விடாது. ஆனால் ஜீவனியும் சேலைனும் நேரத்துக்குக் கிடைக்காத பிள்ளைதான் இறந்துபோகிறது. 2008இல் உலகில் சுமார் 453,000 குழந்தைகள் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இந்தியாவில்.

தடுப்பு மருந்து கொடுத்தால் தீர்ந்தது என்று நினைக்கலாம். காங் குழுவினர் அதற்கு முன்பே வேறொரு கேள்வி கேட்டார்கள்: இந்த நோய் ஒருமுறை வந்துபோன பிள்ளைக்கு எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது? வேலூரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் 452 குழந்தைகளைப் பிறப்பிலேயே பதிவு செய்தார்கள். களப் பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீடு வீடாகப் போனார்கள். வயிற்றோட்டம் இருந்ததா, எத்தனை தடவை, வாந்தி உண்டா என்று கேட்டு எழுதினார்கள். வயிற்றோட்டம் இல்லாத நாட்களிலும் மல மாதிரி சேகரித்தார்கள். 373 குழந்தைகளை மூன்று வயது முடியும்வரை இப்படிப் பின்தொடர்ந்தார்கள். ஒரு கிளினிக்கை ஒழுங்காக நடத்தவே படும் பாடு எனக்குத் தெரியும். மூன்று வருடம் ஒரு வீட்டையும் தவறவிடாமல் நடப்பது எவ்வளவு பெரிய உழைப்பு!

முடிவு 2011இல் வெளிவந்தது. மெக்சிக்கோவில் 1996இல் வந்த ஆய்வின்படி, இரண்டு தடவை தொற்றிய பிள்ளைக்குக் கடும் நோய் மீண்டும் வரவேயில்லை. வேலூரில் மூன்று தடவை தொற்றிய பின்பும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே முதல் தொற்று வந்துவிட்டது. வெளிநாட்டுக் கணக்கை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் போட முடியாது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. வேலூருக்கு இது புதிதுமல்ல. அங்கே அவருக்கு முன் பணியாற்றிய குழந்தை வைத்திய நிபுணர் ஜேக்கப் ஜோன், போலியோ சொட்டு மருந்து மூன்று தடவை கொடுத்தும் பல இந்தியக் குழந்தைகளுக்குப் போதவில்லை என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தார்.

டெல்லியில் 1980களில் ஒரு பச்சிளம் குழந்தையிடமிருந்து எடுத்த, நோய் உண்டாக்காத வைரஸிலிருந்து, எம்.கே. பான் என்ற குழந்தை வைத்தியரின் நீண்டகால முயற்சியால் ‘ரோட்டாவேக்’ உருவானது. டெல்லி, பூனே, வேலூர் மூன்றிலும் 6,799 குழந்தைகளிடம் அதைச் சோதித்தபோது வேலூர்ப் பகுதி காங்கின் பொறுப்பில் இருந்தது. கடும் நோயை அது ஏறக்குறைய 55 சதவீதம் குறைத்தது. பரீட்சையில் 55 என்றால் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள்! ஆனால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் இறக்கும் நாட்டில், குறைந்த விலையில் கிடைக்கும் மருந்துக்கு அது மிகப் பெரிய புள்ளி என்பேன். 2016இல் நான்கு இந்திய மாநிலங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் ரோட்டா தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது.

1660இல் ஆரம்பித்த லண்டன் றோயல் சொசைட்டி, பெண்களை அங்கத்தவராக ஏற்றதே 1945இல்தான். 2019இல் ககன்தீப் காங் தெரிவானார். இந்தியப் பெண் ஒருவர் அங்கே தெரிவானது அதுவே முதல் தடவை.

அதே காலத்தில் அவர் நெருப்புக் காய்ச்சலின் பக்கம் திரும்பியிருந்தார். டெல்லி, கொல்கத்தா, பூனே, வேலூர் ஆகிய இடங்களில் சுமார் 24,000 பிள்ளைகளின் வீடுகளுக்கு வாரந்தோறும் காய்ச்சல் விசாரிக்க ஆட்கள் போனார்கள். முறை பழையதுதான், கேட்டு எழுதுவது. நான்கு இடங்களிலும் நோய் மிகக் குறைவாக இருந்தது பூனேயில். மிக அதிகமாக இருந்தது, இத்தனை காலம் அவர் வேலை செய்த வேலூரிலேயே.